சத்தம் போடாத வண்டி

மார்ச் 3

வாயாடிக்கு,

நேற்று நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டாய். அதற்கப்புறம் எத்தனை தடவை அடித்தும் எடுக்கவில்லை. இந்தக் கப்பலில் என் கீழே வேலை பார்க்கிற ஒருத்தனும் நான் பேசி முடிக்கும் முன் நகர மாட்டான். சரி, கட்டிய பெண்டாட்டிக்கு அந்தச் சட்டமெல்லாம் செல்லாது போலிருக்கிறது. எழுதியாவது சொல்லிவிடுகிறேன். கடிதத்தை நடுவில் துண்டிக்க முடியாது பார்.

முதலில் வண்டி. போன லீவில் ஆசை ஆசையாக வாங்கியது. பெட்ரோல் இன்ஜினும் மின்சார மோட்டாரும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்து ஓடுகிற ஹைபிரிட் வண்டி, அதை ஓட்ட ஒரு பக்குவம் வேண்டும். கிளம்பும் முன் படித்துப் படித்துச் சொன்னேன். எப்போதும் எகோ மோடில் ஓட்டு. பவர் பட்டனைத் தொடாதே; அதற்காகத்தான் அதன் மேல் டேப்பே ஒட்டினேன். பேட்டரியில் மட்டும் ஓடுகிற ஈ.வி. மோடைச் சும்மா சும்மா அழுத்தாதே. கியரில் கடைசியாக 'பி' என்று இருக்கிறதே, பார்க்கிங்குக்கான 'பி' இல்லை, மற்றது, அந்தப் பக்கமே போகாதே. இவ்வளவுதான் கேட்டேன்.

துறைமுகம் வந்து சிக்னல் கிடைத்ததும் போனில் வண்டியின் ஆப்பைத் திறக்கிறேன். பவர், பவர், ஈ.வி., திடீர் பிரேக், 'பி', மறுபடி பவர். மைலேஜ் பாதாளத்தில் கிடக்கிறது. ஓட்டுகிறவருக்கு மதிப்பெண் வேறு போடுகிறது. அதைப் பார்த்தால் பள்ளிக்கூடத்தில் நான் வாங்கிய வரலாற்று மார்க்கே தேவலை. கேட் தூணில் உரசிய கதவைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

அடுத்தது, நேற்று நீ கேட்க மறுத்த சங்கதி. என் தம்பி இப்போது வீடு, மனை விற்றுக் கொடுக்கிறான். வருகிறவர்களை அழைத்துப் போய்க் காட்ட நல்ல வண்டி வேண்டும் என்றான். அடுத்த மாதத்திலிருந்து வண்டி அவனிடம் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். உனக்கு எங்கேயாவது போக வேண்டுமென்றால் அவனிடம் ஒரு வார்த்தை சொல், வந்து கூட்டிப் போவான். உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.

பதில் போடு. போனையும் எடு.

இப்படிக்கு,
உன் கணவன்


மார்ச் 16

சீஃப் அவர்களுக்கு,

கப்பலில் எல்லாரும் அப்படித்தானே கூப்பிடுகிறார்கள்? சீஃப் இன்ஜினியர் தோரணையிலேயே வீட்டுக்கும் எழுதியிருக்கிறீர்கள். நானும் அதே மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன்.

வண்டியைக் கொடுக்க மாட்டேன். இதை முதலிலேயே எழுதிவிட்டேன். நடுவில் எழுதினால் நீங்கள் தாண்டிப் போய்விடுவீர்கள்.

நான் லேபில் என்ன வேலை பார்த்தேன் என்று உங்களுக்குத் தெரியும். பின்பக்க அறை, ஒரு சின்ன ஜன்னல். அந்த ஜன்னல் வழியாக ஒரு கை வரும். ரத்தம் எடுப்பேன், பஞ்சு வைப்பேன், அடுத்த கை வரும். இத்தனை வருஷத்தில் நான் முகம் பார்த்து ஊசி போட்டவர்கள் ரொம்பக் குறைவு. இரண்டு மாதம் முன்னால், மலை மேல் இருக்கிற வீடுகளுக்குப் போய் ரத்தம் எடுத்து வர ஆள் வேண்டும் என்று லேப் மேடம் கேட்டார். "யார்கிட்ட வண்டி இருக்கு?" என்றார். நான் கையைத் தூக்கினேன். அவ்வளவு சீக்கிரம் என் கை எதற்கும் மேலே போனதில்லை. இதை உங்களிடம் போனில் சொன்னேன். "ம்" என்றீர்கள். அது கப்பல் சத்தத்தில் கேட்காத "ம்" என்று இப்போதுதான் புரிகிறது.

அந்த வேலையின் பெயர் மேல் ரூட். விடியும்போது கிளம்பிவிடுவேன். மேலே முழங்கால் தேய்ந்த ஒரு டைலர் அம்மா இருக்கிறார். கட்டிலில் உட்கார்ந்தபடியே பட்டன் தைப்பார். என் வண்டி வந்து நின்றதும் மருமகளிடம், "அவ வந்துட்டா, அடுப்பைப் பத்த வை" என்பார். சர்க்கரை டெஸ்டுக்கு வெறும் வயிற்றில் காத்திருக்கிறவர்கள் எல்லாரும் இப்படித்தான். நான் போன பிறகுதான் அந்தத் தெருவில் யாருக்கும் சாப்பாடு. உங்கள் தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லச் சொல்கிறீர்கள். அவர் எழுந்து பல் விளக்கி, தலைக்கு ஜெல் தடவி வருவதற்குள் அத்தனை பேரும் மயங்கி விழுந்துவிடுவார்கள்.

வண்டி போனால் மேல் ரூட் போய்விடும். மேல் ரூட் போனால் மறுபடி எனக்கு அந்த ஜன்னல்தான். போக மாட்டேன்.

உங்கள் டேப்பை உரித்துவிட்டேன். நான் ஒன்றும் தப்பே செய்யாதவள் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். முதல் வாரம் டைலர் அம்மா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினேன். பீப் பீப் என்றது. போய்ட்டு வா என்று சொல்கிறதாக்கும் என்று நினைத்து நானும் தலையாட்டிவிட்டுப் போனேன். அணைக்கவே இல்லை. சத்தமே இல்லையே, அணைந்துவிட்டது என்று நினைத்துவிட்டேன். உள்ளே ஊசியைக் குத்திய நேரம் பார்த்து வெளியே இன்ஜின் தானாக உறுமியது. "உன் வண்டியில பேய் இருக்குடி" என்றார் டைலர் அம்மா. இப்போது 'ரெடி' என்ற பச்சை எழுத்து அணைந்ததைப் பார்க்காமல் இறங்குவதில்லை.

போனை எடுக்கப்போவதில்லை. போனில் உங்கள் குரல் ஏறினால் என் குரல் தானாக இறங்கிவிடுகிறது. அது பழகிப்போய்விட்டது. என் பேனாவுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

வாயாடி


மார்ச் 30

வாயாடிக்கு,

உன் கடிதம் துறைமுக ஆபீஸில் கிடைத்தது. நின்றபடியே படித்தேன். செகண்ட் இன்ஜினியர் பக்கத்தில் இருந்தான், அதனால் சிரிக்கவும் முடியவில்லை, கத்தவும் முடியவில்லை.

லேபில் நீ பார்க்கிற வேலையை நான் ஒருநாளும் குறைத்துப் பேசியதில்லை. ஆனால் தம்பிக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். அவன் நாலு பேரிடம் அண்ணன் வண்டி வருகிறது என்று சொல்லியும்விட்டான். இப்போது இல்லையென்றால் என் முகத்தை எங்கே கொண்டு வைப்பேன்? வண்டி என் பெயரில் இருக்கிறது. நான் கொடுக்கிறேன், அவன் வாங்கிக்கொள்கிறான். இதில் நீ கொடுக்க மாட்டேன் என்று சொல்ல என்ன இருக்கிறது? உன் லேப் மேடத்திடம் சொன்னால் வேறு ஆள் ஏற்பாடு செய்துகொள்வார். உலகத்தில் நீ ஒருத்தியா ஊசி போடத் தெரிந்தவள்?

மலைப்பாதை என்று தெரிந்த பிறகு என் பயம் இன்னும் கூடிவிட்டது. சொன்னால் கோபப்படுவாய், இருந்தாலும் சொல்கிறேன். நான் இன்ஜின்களோடு குடித்தனம் நடத்துகிறவன். 'பி' போட்டால் இன்ஜின் வீணாக அலறும், தேயும், மைலேஜ் விழும். இறக்கத்தில் காலால் பிரேக்கைப் பிடித்தால் போதும். ஏற்றத்துக்கு எகோ தாராளம். தெரிந்தவன் சொல்வதைக் கேள்.

வருகிற பத்தாம் தேதிக்குப் பிந்திய ஞாயிற்றுக்கிழமை தம்பி வருவான். இன்னொரு சாவி அவனிடம் இருக்கிறது. நீ எதுவும் செய்ய வேண்டாம், கேட்டை மட்டும் திறந்து வை.

உன் இருமல் போய்விட்டதா?

கணவன்


ஏப்ரல் 8

சீஃப் அவர்களுக்கு,

இருமல் போய்விட்டது. கோபம் போகவில்லை.

வாக்குக் கொடுத்துவிட்டேன் என்கிறீர்கள். யாருடைய வேலையை எடுத்து யாருக்கு வாக்குக் கொடுத்தீர்கள்? நான் இங்கேதான் இருந்தேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். உங்கள் முகத்தை எங்கே கொண்டு வைப்பது என்று கவலைப்படுகிறீர்கள். நான் லேப் மேடத்தின் முன்னால் என் முகத்தை எங்கே கொண்டு வைப்பேன் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லை. அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

இப்போது தெரிந்தவர் சொன்னதைக் கேட்டதால் நடந்ததைச் சொல்கிறேன். மேல் ரூட் தொடங்கிய முதல் பத்து நாள் நீங்கள் சொன்னபடியேதான் ஓட்டினேன். எகோ, காலால் பிரேக். ஏற்றத்தில் எகோ போட்டால் இந்த வண்டி தூங்கி வழிகிறது. பின்னால் லாரிக்காரர் ஹார்ன் அடித்து அடித்து என் காதைச் செவிடாக்கினார். இறக்கம் அதைவிட மோசம். இறங்கும்போது வண்டி தானாக பேட்டரியை நிரப்பிக்கொள்ளும், அதுவே பாதி பிரேக் மாதிரி பிடித்துக்கொள்ளும், தெரியும்தானே? ஆனால் பாதி மலையிலேயே பேட்டரி நிரம்பிவிடுகிறது. அதற்கப்புறம் பிடிப்பதற்கு என் காலைத் தவிர வேறு ஒன்றுமில்லை. மழை பெய்த ஒரு காலை, பின் சீட்டில் ஐஸ் பெட்டி நிறைய ரத்தக் குழாய்கள். அழுத்த அழுத்த பெடல் கல்லாகிறது, சக்கரத்திலிருந்து கருகிய வாடை. திருப்பத்தில் ஓரம் கட்டி நிறுத்தினேன். அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், எனக்கொன்றும் வெட்கமில்லை.

அழுது முடித்து, டாஷ்போர்டு பெட்டியைத் திறந்து வண்டியோடு கொடுத்த கையேட்டை எடுத்தேன். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. ஆசை ஆசையாக வாங்கியவர் அதைப் பிரிக்கவே இல்லை. நான் பல்லால் கடித்துப் பிரித்துப் படித்தேன். நீளமான இறக்கத்தில் கியரை 'பி'யில் போடு, இன்ஜின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும் என்று படம் போட்டு எழுதியிருக்கிறார்கள். போட்டேன். அலறியதுதான். அலறட்டும், என் உயிருக்காகத்தானே அலறுகிறது. காலைத் தளர்த்திக்கொண்டு, ஜன்னலை இறக்கிவிட்டு, அடிவாரம் வரை பாடிக்கொண்டே வந்தேன்.

நீங்கள் இந்த வண்டியை நெடுஞ்சாலையில் மூன்று வாரம் ஓட்டினீர்கள். அந்த மலையில் ஒரு தடவைகூட ஏற்றியதில்லை. எனக்கு ஒரு காலையிலேயே எல்லா மோடும் வேண்டியிருக்கிறது. தெரு தூங்கும்போது ஈ.வி.யில் கிளம்புகிறேன், எதிர்வீட்டு நாய்கூடத் தலையைத் தூக்குவதில்லை. கடைத்தெருவில் எகோ. ஏற்றத்தில் பவர். இறக்கத்தில் 'பி'. இனி ஆப்பில் பார்த்துவிட்டுத் திட்டும் முன், அந்த நேரத்தில் நான் ஏறிக்கொண்டிருந்தேனா, இறங்கிக்கொண்டிருந்தேனா என்று யோசியுங்கள்.

உங்கள் தம்பி வரட்டும். கேட்டைத் திறந்து வைக்கிறேன். வண்டியை மட்டும் நான் எடுத்துக் கொடுக்க மாட்டேன்.

வாயாடி


ஏப்ரல் 22

நீ என்ன காரியம் செய்து வைத்திருக்கிறாய்?

கரையை நெருங்கியதும் முதலில் வந்தது தம்பியின் குரல் செய்திதான். "அண்ணே, வண்டி செத்துக் கெடக்கு. லைட்டு மட்டும் எரியுது. இன்ஜின் அசையவே மாட்டேங்குது. மெக்கானிக்கக் கூட்டியாந்தும் ஒண்ணும் நடக்கல." இதுதான் அவன் சொன்னது. 'பி', பவர் என்று போட்டு வதைத்து, கடைசியில் இன்ஜினையே படுக்க வைத்துவிட்டாய். இல்லை, அவனுக்குக் கொடுக்கக் கூடாது என்று எதையாவது பிடுங்கி வைத்தாயா? அப்படி இருந்தால் இப்போதே சொல்லிவிடு. ஆரஞ்சு நிற வயரைத் தொட்டாயா? அதில் ஓடுகிற மின்சாரம் ஆளைக் கொன்றுவிடும், தெரியுமா உனக்கு?

போனை எடு. இந்த ஒரு தடவையாவது எடு. வண்டி எக்கேடோ கெட்டுப் போகட்டும், உன் கை நன்றாக இருக்கிறதா என்றாவது சொல்.


மே 4

அன்புள்ள சீஃப் அவர்களுக்கு,

கடைசி வரிக்காக ஒரு "அன்புள்ள" சேர்த்திருக்கிறேன். கை நன்றாக இருக்கிறது. வண்டியும் நன்றாக இருக்கிறது. அன்றைக்குக் காலையில் மலைக்குப் போய் வந்தேன், மறுநாளும் போனேன், இன்றைக்கும் போய்விட்டு வந்துதான் எழுதுகிறேன். நடந்ததை அப்படியே சொல்கிறேன். உட்கார்ந்து படியுங்கள்.

மேல் ரூட் முடித்து வண்டியை உள்ளே நிறுத்திய கொஞ்ச நேரத்தில் உங்கள் தம்பி வந்தார். பளபளவென்று சட்டை, கறுப்புக் கண்ணாடி. கூட பைக் ரிப்பேர் பார்க்கிற ஒரு நண்பர். "வாங்க தம்பி, காபி சாப்பிடுங்க" என்றேன். "சாவி இருக்கு அண்ணி, நானே எடுத்துக்கறேன். நீங்க சிரமப்படாதீங்க" என்றார். நானும் சிரமப்படவில்லை. எனக்கு மட்டும் காபி போட்டு எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தேன்.

உட்கார்ந்தார். பிரேக்கை மிதித்துப் பட்டனை அழுத்தினார். இன்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்ததால் வண்டி சத்தமே போடாமல் 'ரெடி' என்று பச்சை எழுத்தைக் காட்டியிருக்கும். அவர் இன்ஜின் சத்தத்துக்காகக் காத்திருந்தார். வரவில்லை. மறுபடி அழுத்தினார். அணைந்தது. மறுபடி அழுத்தினார். 'ரெடி'. காதைச் சாய்த்துக் கேட்டார். மறுபடி அழுத்தினார். அணைந்தது. இப்படியே போட்டார், அணைத்தார், போட்டார், அணைத்தார். "என்னடா இது, லைட்டெல்லாம் வருது, இன்ஜின் வரமாட்டேங்குது" என்றார். நண்பர் பானெட்டைத் திறந்து, ஆரஞ்சு வயரைப் பார்த்ததும் பொத்தென்று மூடினார். "பேட்டரி படுத்துருச்சு. தள்ளுவோம்" என்றார். பார்க்கிங் கியரில் நிற்கிற வண்டியை இரண்டு பேரும் சேர்ந்து தள்ளினார்கள். சட்டை நனைந்தது, முகம் மிளகாய்ப் பழமானது, வண்டி ஓர் அங்குலம் நகரவில்லை. காபி ரொம்ப நன்றாக இருந்தது.

கடைசியில் ஜன்னலைப் பார்த்துக் கேட்டார்: "அண்ணி, இதுல எதையாவது நோண்டினீங்களா?"

"இல்லையே. காலையிலகூட மலைக்குப் போய்ட்டு வந்தேனே" என்றேன். அதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை.

"அப்ப இப்பதான் போயிருக்கு" என்று நண்பரிடம் சொன்னார். அங்கே நின்றபடிதான் உங்களுக்குக் குரல் செய்தி அனுப்பினார். சாவியை மேசையில் வைத்தார். "இத நீங்களே வச்சுக்கங்க அண்ணி, அண்ணன் வந்து பாத்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

நான் வண்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். முனையில் நின்று டாக்ஸிக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார். நண்பர் அதற்குள் நழுவிவிட்டிருந்தார். ஈ.வி.யில் பக்கத்தில் போய் நிறுத்தினேன். அவருக்குக் கேட்கவில்லை. லேசாக ஹார்ன் அடித்தேன். திரும்பியவரின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "ஏறுங்க தம்பி, வீட்டுல விட்டுடறேன்" என்றேன். ஏறினார். முழங்கால் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு, பள்ளிக்கூட ஆபீஸில் உட்கார்ந்திருக்கிற பையன் மாதிரி உட்கார்ந்தார்.

கொஞ்ச தூரம் போனதும், "அண்ணி, இது எப்ப ஸ்டார்ட் ஆச்சு?" என்றார்.

"நீங்க பட்டனை அமுக்கினப்பவே ஆயிருச்சு. நீங்கதான் திரும்பத் திரும்ப அமுக்கி நிறுத்திட்டீங்க."

"சொல்லியிருக்கலாமே."

"கேட்டிருக்கலாமே."

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார். வண்டி ஓடியது என்று அவர் உங்களிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. பாவம், எப்படிச் சொல்வார்? உங்கள் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. வண்டியை ஓட்டுகிறவள் எதிரே காபியோடு நிற்கிறாள். அவளை விட்டுவிட்டு பைக் மெக்கானிக்கைக் கேட்டார். நடுக்கடலில் இருக்கிற உங்களைக் கேட்டார். அதை அவருக்கு யார் பழக்கிவிட்டது என்று யோசித்தால் என் கோபம் நேராக உங்கள் கப்பலுக்குத்தான் வருகிறது.

வாயாடி


மே 19

வாயாடிக்கு,

சிரித்துவிட்டேன். இன்ஜின் அறையில் தனியாக உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வர. செகண்ட் எட்டிப் பார்த்து, "சீஃப், வீட்டுல எல்லாம் சௌக்கியமா?" என்று கேட்டான். ரொம்ப சௌக்கியம் என்றேன்.

அப்புறம் கடைசிப் பத்தியை இன்னொரு தடவை படித்தேன். சிரிப்பு போய்விட்டது. இரண்டு நாள் உனக்கு எழுத ஆரம்பித்து ஆரம்பித்துக் கிழித்தேன்.

கையேட்டைப் பிரிக்காதது உண்மைதான். 'பி' விஷயத்தில் நீ சொன்னது சரி. யாரிடமும் இதைக் காட்டிவிடாதே.

ஒன்று சொல்ல வேண்டும், எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நீ போனை எடுக்காத நாளிலிருந்து, கரை வந்ததும் நான் முதலில் திறப்பது அந்த ஆப்பைத்தான். மைலேஜ், மார்க் எல்லாம் சும்மா. அதில் ஒரு வரைபடம், அதில் ஒரு நீலப் புள்ளி. புள்ளி வீட்டில் இருந்தால் நீ தூங்குகிறாய். மலையில் இருந்தால் நீ நன்றாக இருக்கிறாய். பழைய பதிவுகளைப் புரட்டியபோது, இறக்கத்தில் ஒரு திருப்பத்தில் புள்ளி வெகுநேரம் நின்றிருந்த தடம் ஒன்று கண்ணில் பட்டது. கட்டாயம் அது நீ அழுத நாளாகத்தான் இருக்கும். எதற்கு நிறுத்தினாய் என்று அப்போது திட்டத்தான் தோன்றியது. அதை நினைத்தால் எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது.

அதனால் இப்படி முடிவு செய்திருக்கிறேன். வண்டி உன்னிடமே இருக்கட்டும். மேல் ரூட் போக உனக்கு அனுமதி கொடுக்கிறேன். தம்பிக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொடு, நான் சொன்ன வாக்குக்காக. மழை நாளில் போகாதே. வேகம் குறைவாகவே ஓட்டு, நான் அவ்வப்போது பார்த்துக்கொள்கிறேன்.

கணவன்


ஜூன் 1

அன்புள்ளவருக்கு,

உங்கள் கடிதத்தைப் பாதி படித்து அழுதேன், மீதி படித்து எரிச்சலானேன். ஒரே கடிதத்தில் இரண்டையும் செய்ய உங்களால்தான் முடியும்.

அந்தப் புள்ளியைப் பற்றி நீங்கள் எழுதியதை நாலு தடவை படித்தேன். இதை எனக்கு முதல் கடிதத்தில் எழுதியிருந்தால் நாம் இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டாம். பயமாக இருக்கிறது, உன்னைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது என்று சொல்வதை விட்டுவிட்டு, பவர் பட்டனுக்கு டேப் ஒட்டியிருக்கிறீர்கள்.

ஆனால் அனுமதி கொடுக்கிறேன் என்கிறீர்கள். நான் கேட்கவில்லையே. நான் கேட்காத ஒன்றை நீங்கள் எப்படிக் கொடுப்பீர்கள்? வண்டி உங்கள் பெயரில் இருக்கிறது, சரி. நீங்கள் வந்து வேண்டாம் என்றால் சாவியை மேசையில் வைத்துவிட்டு, கடன் வாங்கி ஓர் ஓட்டை வண்டியையாவது எடுத்துக்கொண்டு மலை ஏறுவேன். மேல் ரூட்டை நிரந்தரமாக எனக்கே கொடுத்துவிட்டார் லேப் மேடம். போன வாரம் கையெழுத்துப் போட்டுவிட்டேன். யாரையும் கேட்டுப் போடவில்லை. மழை நாளிலும் போவேன். மழை பெய்கிறது என்று யாருக்கும் சர்க்கரை இறங்கி நிற்பதில்லை.

உங்கள் தம்பியிடம் பேசினேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இல்லாத நேரத்தில் ஆள் கூட்டிப் போக வேண்டுமென்றால் முதல் நாளே என்னைக் கேளுங்கள், நானே ஓட்டி வருகிறேன் என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு சரி என்றார். நேற்று கேட்டார். இன்றைக்கு மலையிலிருந்து வந்ததும் போனேன். பின் சீட்டில் உட்கார்ந்திருந்தவரிடம், "எங்க அண்ணி மலையில ஓட்டுறவங்க" என்று பெருமையாகச் சொன்னார். வீடு விற்றதா என்று தெரியாது.

அந்த ஆப். அதில் உங்கள் போனும் என் போனும் சேர்ந்தே பதிவாகியிருந்தன. வண்டி விற்ற கடைக்குப் போய் உங்கள் போனை அதிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டேன். அந்தப் பெண், "சார்கிட்ட கேக்கணுமா மேடம்?" என்றாள். "ஓட்டுறது நான்" என்றேன். எடுத்துவிட்டாள். கோபப்படுவீர்கள். படுங்கள். நீங்கள் அங்கே புள்ளியைப் பார்த்துக்கொண்டு, நான் இங்கே புள்ளியாக ஊர்ந்துகொண்டு, இப்படி எத்தனை நாள் குடும்பம் நடத்துவது? நான் எங்கே போனேன், ஏன் நின்றேன் என்று தெரிய வேண்டுமானால் என்னைக் கேளுங்கள். போன் அடியுங்கள். இனி எடுப்பேன். குரலை ஏற்றினால் வைத்துவிடுவேன், மறுநாள் அடித்தால் மறுபடி எடுப்பேன்.

உங்கள் வாயாடி


ஜூன் 20

என் வாயாடிக்கு,

கரை வந்ததும் கை தானாக ஆப்பைத்தான் திறந்தது. "இந்த வாகனத்தைப் பார்க்க உங்களுக்கு உரிமை இல்லை" என்று வந்தது. போனை எடுத்துக் கடலில் வீசலாம் போல இருந்தது. மேல் தளத்தில் நடந்து நடந்து கால் வலித்தது. செகண்டிடம் எரிந்து விழுந்தேன், சமையல்காரரிடம் எரிந்து விழுந்தேன். சாயங்காலம் உன் கடிதம் வந்தது.

இரண்டு தடவை போன் எடுத்து வைத்தேன். குரல் ஏறிவிடுமோ என்று பயம். உன்னிடம் மெதுவாகப் பேசி எனக்குப் பழக்கமில்லை. நாளைக்குப் பழகுகிறேன். இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

இன்றைக்கு எங்கே போனாய்? மேலே மழையா? டைலர் அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? இறங்கும்போது எந்த வளைவிலிருந்து 'பி' போடுகிறாய்? கடைசியாகக் கேட்டது சோதிப்பதற்கு இல்லை. எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

அடுத்த மாதம் நாலாம் தேதி லீவில் வருகிறேன். காலையில் கப்பலை விட்டு இறங்குவேன். நீ வண்டியை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்கு வர முடியுமா? கேட்கிறேன், அவ்வளவுதான். வர முடியாது என்றால் நான் பஸ்ஸில் வந்துவிடுவேன்.

உன்
சீஃப் இல்லாதவன்


ஜூன் 29

அன்புள்ளவருக்கு,

நாலாம் தேதி எனக்கு மேல் ரூட் இருக்கிறது. துறைமுகத்துக்கு வர முடியாது. பஸ்ஸிலேயே வாருங்கள்.

மலை அடிவாரத்தில், பெட்ரோல் பங்குக்கு எதிரே இறங்கி நில்லுங்கள். வேலை முடிந்து இறங்கும்போது ஏற்றிக்கொள்கிறேன். காதைத் தீட்டிக்கொண்டு நிற்காதீர்கள், வண்டி வருவது கேட்காது. ரோட்டைப் பாருங்கள். எந்த வளைவிலிருந்து 'பி' என்பதை எழுதிப் புரிய வைக்க முடியாது. மறுநாள் காலையில் என்னோடு மேலே வாருங்கள், காட்டுகிறேன். பிரேக் பிரேக் என்று கத்தினால் அந்த வளைவிலேயே இறக்கி விட்டுவிடுவேன்.

பெட்டியை டிக்கியில் வையுங்கள். பின் சீட்டில் ரத்தம் இருக்கும். முதலில் லேபுக்குப் போய் அதைக் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் வீடு.

வாயாடி